மூச்சுக்கு வரும் கொசு

கொசு தப்பான இடத்தில் மொய்த்துக்கொண்டிருந்தது.

மொய்த்ததில் தப்பில்லை. ஏரிக்கரை, பொழுது சாய்கிற நேரம், கொசு மொய்க்காமல் பின்னே பட்டாம்பூச்சியா மொய்க்கும்? இடம்தான் தப்பு. காருக்குப் பின்னால் கோத்து இழுத்து வந்த, படுக்கையும் சமையல் மேடையுமாக வீடுபோல் இருந்த அந்த டிரெய்லரின் பின்சக்கரத்துக்கு மேலே, முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காற்றுத் துவாரம் இருந்தது. துவாரத்துக்கு அந்தப் பக்கம், மகளின் படுக்கைக்கு அடியில் இருக்கிற சாமான் பெட்டி. அதில் மடக்கு நாற்காலி மூன்று, கம்பளி இரண்டு, டயருக்குக் காற்றடிக்கிற பம்பு ஒன்று. மூச்சு விடுகிற சாமான் எதையும் யாரும் அதில் வைக்கவில்லை. அப்படியிருந்தும் அந்தத் துவாரத்தின் வலைமேல் கொசு தார் பூசியதுபோல் அப்பிக் கிடந்தது.

வேறு யார் பார்த்திருந்தாலும் ‘ச்சீ’ என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்திருப்பார்கள். பார்த்தவள் வலைக்காரி. அதுதான் வினை.

வலைக்காரி என்பது தெரு வைத்த பெயர். ஜன்னலுக்கும் கதவுக்கும் அளவெடுத்துக் கொசுவலை அடித்துக் கொடுப்பது அவள் தொழில். தொழிலைத் தொழிலாகச் செய்தால் யாருக்கு என்ன? அவள் வீட்டுக்கு ஒரு காரியமாகப் போய்ப் பாருங்கள், தெரியும். வாசலிலேயே நிறுத்தி, முன்னும் பின்னும் துண்டால் தட்டி, “ம், சீக்கிரம், சீக்கிரம்” என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவாள். மின்சார மீட்டர் பார்க்க வந்த மனிதரையே அப்படித் தட்டியிருக்கிறாள். அவர் அடுத்த மாதத்திலிருந்து மதில்மேல் ஏறி எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்.

சிரித்தோம்தான். போன வருஷம் அவள் மகள் சுண்டுவுக்குக் கொசுக்காய்ச்சல் வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபிறகு சிரிப்பை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டோம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா வலைக்காரியைத் தனியாகக் கூப்பிட்டு, “இந்தக் காய்ச்சல் இன்னொரு தடவை வந்தா முதல் தடவை மாதிரி இருக்காதும்மா, குழந்தை தாங்கமாட்டா” என்று சொன்னாராம். அன்றிலிருந்து அவள் தூங்கினாலும் காது தூங்குவதில்லை.

அப்பேர்ப்பட்டவளை ஏரிக்கரைக்குக் கிளப்பிக்கொண்டு வந்தது அவள் கணவரின் சாமர்த்தியம். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்; மாஸ்டர் என்றால் எல்லாருக்கும் தெரியும். நல்ல சரீரம், அதைவிட நல்ல வாய். வருஷக்கணக்கில் எங்கேயோ சும்மா நின்றிருந்த பழைய டிரெய்லரைப் பேசிப் பிடித்துக்கொண்டு வந்து, “நீயே அடை. ஊசி நுழையாம அடை. அப்புறம் போவோம்” என்றார். அவள் ஒரு மாதம் அடைத்தாள். கைகழுவும் தொட்டியின் வடிகால், கூரை ஜன்னல், மின்கம்பி நுழைகிற துளை என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடித்தேடி, வலை வேண்டிய இடத்தில் வலையும் பசை வேண்டிய இடத்தில் பசையும் வைத்தாள். கதவின் ரப்பர்மட்டும் வெடித்துப் போயிருந்தது. அதற்கென்ன, உள்ளே போனதும் கதவைச் சுற்றி நாலு பக்கமும் பட்டை டேப் ஒட்டிக்கொள்வது, காலையில் பிரித்துக்கொள்வது என்று ஏற்பாடு. வண்டியை விற்ற ஆள்மட்டும், காட்டிய அன்று கடைசிவரை வெளியிலேயே நின்றுகொண்டிருந்தான். காலில் சேறு என்றான். அன்று மழையே இல்லை.

வேலை முடிந்ததும் வலைக்காரி ஒரு பரிசோதனை செய்வாள். எந்த வீடானாலும் செய்வாள். “உள்ள எத்தனை பேரு?” என்று கேட்டு, அத்தனை பேரையும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் உட்கார வைத்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் தான்மட்டும் வெளியே வந்து வீட்டைச் சுற்றுவாள். “கொசு வெளிச்சத்துக்கு வராதுங்க, மூச்சுக்கு வரும். நீங்க விடுற மூச்சு எந்த இடுக்கு வழியா வெளிய வருதோ, அங்கதான் போய் மொய்க்கும். அதைப் பாத்து நான் அடைப்பேன்” என்பாள். கொசுவை வைத்தே கொசுவை ஜெயிக்கிற வித்தை. அவள் கணக்கு ஒரு வீட்டிலும் தப்பியதில்லை.

இன்றைக்கு உள்ளே இரண்டு பேர். நடு ஜன்னலில் மாஸ்டர். அங்கே வலை கறுத்திருந்தது, கொசுவுக்கு அவரென்றால் உயிர். பின்கோடி ஜன்னலில் படுக்கைமேல் முழங்காலிட்டிருந்த சுண்டு, அங்கே பத்திருபது. சமையல் மேடைப் பக்கத்து ஜன்னலில் யாருமில்லை, கொசுவும் இல்லை. எல்லாம் சரி.

கீழே, மூன்றாவதாக ஒன்று.

முழுக்கைச் சட்டை, கையுறை, தொப்பியிலிருந்து தோள்வரை தொங்குகிற வலை என்று தேனெடுக்கப் போகிறவள்போல் நின்றுகொண்டிருந்த வலைக்காரி ஜன்னல் பக்கம் குரல் கொடுத்தாள்.

“என்னங்க, அந்தப் பெட்டிக்குள்ள என்ன வச்சீங்க?”

“உன் தம்பியை மடிச்சு வச்சிருக்கேன். ஏன்?”

“விளையாடாதீங்க.”

“நாற்காலி, கம்பளி, பம்பு. நீதானே லிஸ்ட் போட்ட? அதுல இல்லாததை வைக்க எனக்குத் தைரியம் ஏது?”

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டார்ச்சைத் துவாரத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். ஏரி அசையவில்லை; நாணல் அசையவில்லை; கரையில் வேறு வண்டி இல்லை, ஆள் இல்லை; ஈரச் சேறும் அழுகிய இலையும் கலந்த வாசனை தொப்பி வலையைத் தாண்டி மூக்கில் ஏறியது. காற்று என்பதே இல்லாத அந்த நேரத்தில், துவாரத்தில் அப்பியிருந்த கொசுக் கூட்டம் மொத்தமாக ஒரு நூல் அளவு மேலே எழும்பியது. அப்படியே நின்றது. மெல்ல மறுபடியும் படிந்தது. எழும்பியது, நின்றது, படிந்தது. அவள் இரண்டு தடவை மூச்சு விடுகிற நேரத்துக்கு அது ஒரு தடவை. யாரோ ரொம்ப நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல், உள்ளே தூங்கிக்கொண்டிருப்பதுபோல.

டார்ச்சின் கண்ணாடியில் ஆவி படிந்தது.

எலி, என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பழைய வண்டி, எலி குடியேறியிருக்கும், பெரிய எலி. மூச்சால் டார்ச்சை மூட எவ்வளவு பெரிய எலி வேண்டும் என்று கேட்க அவள் மனசுக்குத் தைரியமில்லை.

விறுவிறுவென்று சுற்றிவந்து உள்ளே ஏறினாள். இங்கேதான் அவள் தப்பு செய்தது. வேறு யாராக இருந்தாலும் கதவருகில் நின்றபடி குழந்தையை வெளியே கூப்பிட்டிருப்பார்கள். வலைக்காரிக்கு வெளியே என்றால் கொசு, கொசு என்றால் அந்தப் பதினோரு நாள். மனசு பயந்துகொண்டிருக்கும்போதே கை தன் வேலையைப் பார்த்தது. கதவைச் சாத்தியது, பட்டை டேப்பை எடுத்தது, மேல், கீழ், இரண்டு பக்கம் என்று ஒட்டியது, கட்டைவிரலால் நீவி நீவிக் குமிழி இல்லாமல் அழுத்தியது. பிறகுதான் திரும்பினாள்.

“எலி இருக்குங்க.”

“எலியா? டிக்கெட் எடுத்துச்சான்னு கேளு.”

“அம்மா, எலி இல்லம்மா” என்றாள் சுண்டு, படுக்கையில் காதை வைத்துக்கொண்டு. “அப்பாவோட குறட்டை மாதிரி கேக்குது.”

“நான் முழிச்சிட்டுதானேடி இருக்கேன், கழுதை!”

“அதான் சொல்றேன்.”

மாஸ்டர் சிரித்தார். பெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சோடு எழுந்தார்; எழுந்தாலும் உட்கார்ந்தாலும் அவருக்குப் பெருமூச்சு வேண்டும், சட்டையின் நான்காவது பொத்தான் ஒவ்வொரு தடவையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தப்பிக்கும். சுண்டுவைத் தூக்கிப் பெஞ்சில் விட்டார். மெத்தையைச் சுருட்டினார். பலகை மூடியைத் தூக்கினார்.

நாற்காலி மூன்று. கம்பளி இரண்டு. பம்பு.

“பாத்துக்கோ. இதுல எது மூச்சு விடுது? நாற்காலியா?”

பெட்டியின் கோடியில் துவாரம் தெரிந்தது. வெளியே இன்னும் வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. துவாரத்தில் ஒரு பொட்டுகூட வரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து அவ்வளவு அடர்த்தியாக அடைத்துக்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்து ஒரு வாசனை வந்தது. எலி வாசனை இல்லை. பல நாள் சாத்திக் கிடந்த அறையை முதலில் திறப்பவர்கள் முகத்தில் அடிக்குமே, அது. வெதுவெதுப்பாக.

“மூடிடுங்க” என்றாள் வலைக்காரி.

“இரு. இந்த மூலையில கொஞ்சம் உள்ள போகுது பாரு. பின்னால இன்னும் இடம் இருக்கு போல” என்றபடி அவர் மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டார். தோளும் போனது. “அட, இது எவ்வளவு தூரம்” என்று ஒரு குரல் வந்தது, பெட்டிக்குள்ளிருந்து வருகிற குரல்போல் இல்லாமல் நீளமான கூடத்தின் கடைசியிலிருந்து வருவதுபோல. பிறகு நின்றது.

அவருடைய முதுகு வெளியே தெரிந்துகொண்டிருந்தது. மண்டியிட்ட களைப்பில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த அகன்ற முதுகு.

ஏறியது. இறங்கியது.

இறங்கியது இறங்கியதுதான்.

“என்னங்க?”

அவர் தலையை வெளியே எடுத்தார். மூடியைச் சத்தமில்லாமல் மூடினார், குழந்தை தூங்குகிற தொட்டிலை மூடுவதுபோல. “ஒண்ணுமில்ல” என்றார். எழுந்து போய்த் தன் ஜன்னலருகில் உட்கார்ந்தார். பெருமூச்சு விடவில்லை.

“ஒண்ணுமே இல்ல நீ சும்மா பயப்படற பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும் நாளைக்குக் காலைல எல்லாத்தையும் எடுத்து வெளிய வச்சுக் கழுவிடலாம் சுண்டுவுக்குப் பசிக்குதா பாரு எனக்குப் பசியில்ல” என்றார். ஒரே நீட்டாக. நடுவில் ஓர் இடத்தில்கூட நிறுத்தாமல்.

வலைக்காரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்குப் பக்கத்தில் இருந்த வலையைப் பார்த்தாள். அவருக்கென்று உயிரை விடுகிற அந்தக் கூட்டம் வலையில் கறுப்பாக இருந்தது. ஓரத்திலிருந்து ஒன்று பறந்தது. பிறகு நாலு. பிறகு பந்தி முடிந்து இலை எடுத்ததும் எழுந்து போகிறவர்கள்போல, சண்டையில்லாமல், அவசரமில்லாமல், எல்லாம் கிளம்பிக்கொண்டிருந்தன. வலை சாம்பல் நிறமானது. வலைக்குப் பின்னால் ஏரி தெரிந்தது.

“ஏதாவது பூசிக்கிட்டீங்களா?” என்றாள் வலைக்காரி.

“ஒண்ணும் பூசல.”

“கொஞ்சம்… கொஞ்சம் வலைப்பக்கம் திரும்பி ஊதுங்களேன். ஓட்டை இருக்கான்னு பாக்கணும்.”

அவர் மறுக்கவில்லை. திரும்பினார். கன்னத்தை உப்பி, உதட்டைக் குவித்து, வலைக்கு ஒரு விரல் தூரத்தில் வைத்தார். வலையில் கடைசியாக ஒரே ஒரு கொசு, பஞ்சுபோல் உட்கார்ந்திருந்தது. அவள் அதன் இறகைப் பார்த்தாள். இறகு அசையவில்லை.

“ஊதிட்டேன்” என்று திரும்பிச் சிரித்தார்.

நான்காவது பொத்தான் துணியில் தளர்ந்து கிடந்தது. ஏறவில்லை. இறங்கவில்லை.

கீழே ரீங்காரம் கூடியிருந்தது. பலகையே அதிர்ந்தது. அந்த ரீங்காரத்துக்கு அடியில், பெட்டிக்குள்ளிருந்து, இப்போது இரண்டு மூச்சு. ஒன்று நீளம், நிதானம். இன்னொன்று கொஞ்சம் வேகமாக, முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு விசில். ஒன்பது வருஷமாகப் பக்கத்துத் தலையணையில் கேட்டு, திட்டி, முழங்கையால் இடித்து, அது இல்லாவிட்டால் தூக்கம் வராது என்கிற அளவுக்குப் பழகிப்போன விசில்.

அவள் சுண்டுவின் கையைப் பிடித்தாள்.

“சுண்டு” என்றார் பெஞ்சில் இருந்தவர், அதே வாயால், அதே செல்லமாக. “இங்க வா. அப்பா ஒண்ணு காட்டறேன்.”

“எலியாப்பா?”

“அதைவிட நல்லது.”

“போகக் கூடாது” என்றாள் வலைக்காரி. “அம்மா சட்டையைப் பிடிச்சுக்கோ. விடாத. என்ன ஆனாலும் விடாத.”

பின்னால் சட்டை நுனியைச் சின்னக் கை பிடித்தது. அவள் கதவின்மேல் பாய்ந்தாள்.

டேப் வரவில்லை. எப்படி வரும்? அவள் தேர்ந்தெடுத்த டேப். அவள் ஒட்டிய டேப். நீவி நீவி, ஓர் இடத்தில்கூட நுனி தூக்காமல், ஊரில் யாரும் குறை சொல்ல முடியாதபடி ஒட்டியிருந்தாள். நகத்தால் கீறினாள். நகம் ஒடிந்தது. கையுறையைப் பல்லால் கடித்து உருவினாள். ஒரு மூலை கிளம்பியது, இழுத்தாள், குறுக்கே கிழிந்து கையோடு வந்தது. மறுபடி நகம். மறுபடி.

“உள்ள எவ்வளவு இடம் இருக்கு தெரியுமா சுண்டு நீ ஓடியாடி விளையாடலாம் கொசுவே வராது அம்மாவுக்கும் பயமில்ல” என்று குரல் போய்க்கொண்டே இருந்தது.

“பிடிச்சிருக்கியா?”

“ம்.”

மேல் பக்கம் வந்தது. இடது பக்கம் வந்தது. பின்னால் மூடி கிரீச்சிட்டது.

“சுண்டு! அங்க பாக்காத!”

கை விலகியது. ஒரு மூச்சு நேரம். அவ்வளவுதான். அவள் திரும்புவதற்குள் மறுபடி வந்து சட்டையைப் பிடித்துக்கொண்டது.

“பிடிச்சிருக்கியா?”

“பிடிச்சிருக்கேம்மா.”

கீழ்ப் பக்கம். வலது பக்கம். தோளால் இடித்தாள். கதவு திறந்தது.

குழந்தையை இடுப்பில் வாரிக்கொண்டு இறங்கினாள். ஓடினாள். தொப்பி எங்கே விழுந்தது, தெரியாது. செருப்பு, தெரியாது. சேறு. நாணல். கரைமேல் ஏறுகிற மண்பாதை. பின்னால் யாரும் ஓடி வரவில்லை. டிரெய்லர் ஜன்னலில் விளக்கு, விளக்கடியில் அவர், அவர் கை மேலே உயர்ந்து வழியனுப்புவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

பாதி மேட்டில் கால் நின்றுவிட்டது. ஏரி முழுக்க இருந்த கொசு அவளைக் கண்டுபிடித்துவிட்டது.

காது, கழுத்து, இமை, கையுறை இல்லாத விரல். நெருப்புப் பொறி விழுந்ததுபோல் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில். ஓடி வந்தவள், மூச்சு வாங்குகிறவள், அதுகளுக்கு விருந்து. அவள் தன்னைத் தட்டிக்கொள்ளவில்லை. குழந்தை, குழந்தை என்று சட்டையைக் கழற்றி, அரைக்கைக் கவுனோடு வந்துவிட்ட சுண்டுவைப் போர்த்தப் போனாள். டாக்டரம்மா சொன்னது காதில். இன்னொரு தடவை. தாங்கமாட்டா.

போர்த்தப் போன கை பாதியில் நின்றது.

அவளுடைய கை கறுத்திருந்தது, மணிக்கட்டுவரை. அதற்கு ஒரு சாண் தள்ளி இருந்த சின்னக் கை வெளேரென்று இருந்தது.

சட்டையைக் கீழே போட்டாள். மண்பாதையில் மண்டியிட்டாள். மகளை எதிரில் நிறுத்தினாள். நிலா இல்லாவிட்டாலும் வானத்தில் கொஞ்சம் வெளுப்பு இருந்தது, போதும். நெற்றி. கன்னம். கழுத்து. முழங்கால். இரண்டு கை. கூட்டம் அந்தப் பக்கமாகப் பறந்தது, சுண்டுவைச் சுற்றிக்கொண்டு, ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு போவதுபோல, மறுபடி அவளிடமே வந்தது.

“அம்மா” என்றாள் சுண்டு, சந்தோஷமாக. “பாரேன் என்னை ஒண்ணுகூடக் கடிக்கல நான் சமத்தா இருக்கேன்ல நாம திரும்பிப் போலாமா அப்பா காத்துட்டிருக்காரு.”

வலைக்காரி மகளின் வலது கையைப் பிடித்து, கவுன் கையைத் தோள்வரை மடித்து, இருட்டை நோக்கி நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“வா” என்றாள் மெதுவாக, கூட்டத்தைப் பார்த்து. “வா. ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. வா.”

கை நீண்டே இருந்தது. வெளேரென்று.